செங்கற்சுவர்: அடர்த்தியும் வெப்பத் தேக்கமும்

பகல் வெயிலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் தன்னுள் இருத்தி வைத்து, சில மணி நேரம் கழித்து வெளிவிடும் இயல்பு வெப்பத் தேக்கம் எனப்படும். கல்லின் அடர்த்தி, அதன் தன்வெப்பம், சுவரின் தடிமன் ஆகிய மூன்றும் சேர்ந்து இதன் அளவை முடிவு செய்கின்றன. மண்கல், சுட்ட கல், காங்கிரீட் ஆகியவற்றின் தன்வெப்பம் ஏறத்தாழ ஒன்றே (கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 0.88 கிலோஜூல்). ஆகவே வேறுபாடு பெரும்பாலும் அடர்த்தியிலும் தடிமனிலும்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1987இல் வெளியிட்ட எஸ்.பி. 41 கையேடு, சுட்ட செங்கல்லின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1,820 கிலோ என்று தருகிறது. மண்கல்லுக்கு 1,731, இரும்புக்கம்பியிட்ட காங்கிரீட்டுக்கு 2,288.

கல்லும் சூளையும்

ஒரே மண்ணில் அறுத்து ஒரே சூளையில் அடுக்கிய கற்களுக்கும் அடர்த்தி ஒன்றாக இராது. நெருப்பை ஒட்டி இருந்தவை உருகி இறுகிக் கறுத்துப் போகும். ஓரத்தில் இருந்தவை வெளிர் ஆரஞ்சு நிறத்தில் அரைவேக்காடாக நிற்கும். களிமண்ணில் உமி கலந்தால் அது சூளையில் எரிந்து போன இடமெல்லாம் நுண்துளையாகி, கல் எடை குறையும். எடை குறைந்த கல் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், குறைவாகவே தேக்கவும் செய்யும். நல்ல கல்லை அறியக் கொத்தனார்கள் கையாளும் முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். கணீரென்றால் வெந்த கல். மொத்தென்று கேட்டால் வேகாத கல். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக்கூடாது. ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்றங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம் கொண்ட கல் உலர்ந்த நிலையில் 3 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும் என்பதால், வீடு கட்டுபவர் எவரும் சமையலறைத் தராசிலேயே இதைச் சோதிக்கலாம்.

ஐ.எஸ். 1077 என்ற தர விதி செங்கல்லை அடர்த்தியால் வகைப்படுத்தவில்லை, நொறுங்கும் வலிமையால் வகைப்படுத்துகிறது: சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனில் தொடங்கி 35 வரை. 24 மணி நேரம் நீரில் ஊறிய கல், 12.5 வகை வரை, தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக்கூடாது. இந்த நீர்க்கணக்கு வெப்பத்துக்கும் பொருந்தும். கல்லின் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் புகுந்தால் கடத்துதிறன் கூடிவிடும். மழையில் ஓதம் ஏறிய சுவர், காய்ந்த சுவரைவிட மோசமான தடுப்பு.

பழைய கற்கள்

மொகஞ்சதாரோ, அரப்பா நகரங்களின் சுட்ட செங்கற்கள் உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில், பெரும்பாலும் 7, 14, 28 சென்டிமீட்டர் அளவில் அமைந்தவை. அகலம் நீளத்தில் பாதியாக இருப்பதால்தான் ஒரு கல்லை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் வைத்துப் பிணைக்க முடிகிறது. இந்தப் பிணைப்பு வந்தபின் சுவரைக் கற்களின் மடங்காகத் தடிப்பாக்குவது எளிதானது. தமிழ்நாட்டின் கீழடி, பூம்புகார், புதுச்சேரியின் அரிக்கமேடு ஆகிய இடங்களில் கிடைத்த சங்ககாலக் கற்கள் இன்றைய கல்லைவிட நீண்டும் அகன்றும், உயரத்தில் மெலிந்தும் காணப்படுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, அது செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி ஆக்கப்பட்டது என்று சிறப்பித்துக் கூறுகிறது. அதுவரை கோயில் என்றாலே செங்கல் என்றிருந்த நிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சென்னையின் பழைய மச்சுவீடுகளில் கூரையும் செங்கல்லே. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்கள். இன்றைய ஐந்தங்குலக் காங்கிரீட் தளத்தைவிட அது மிகத் தடிமனானது.

ஒன்பது அங்குலக் கணக்கு

நாலரை, ஒன்பது, பதின்மூன்றரை என்று அங்குலத்தில் சொல்லும் சுவர்கள் முறையே அரைக்கல், ஒருகல், ஒன்றரைக்கல் சுவர்கள். ஒன்பது அங்குலச் சுவரின் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 420 கிலோ எடையுள்ளது. அதை ஒரு டிகிரி சூடாக்க 368 கிலோஜூல் வேண்டும். 88 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவதற்கு இது சமம். வெளிமுகத்தின் வெப்ப உச்சம் இச்சுவரைக் கடந்து உள்முகத்துக்கு வர ஏழு மணி நேரம் ஆகும். அப்போது வெளியே இருந்த ஏற்ற இறக்கத்தில் ஆறில் ஒரு பங்குகூட உள்ளே மிஞ்சாது. அரைக்கல் சுவரில் இந்தத் தாமதம் பாதிதான்.

இந்தத் தாமதமே நன்மை, இதுவே தீமை. மேற்குச் சுவரின் வெளிமுகம் மாலை நான்கு மணிக்குக் கொதிக்கும். அந்தச் சூடு உள்ளே வந்து சேர்வது இரவு பதினோரு மணிக்கு, அதாவது அந்த அறையில் ஆட்கள் படுத்திருக்கும் நேரத்துக்கு. சித்திரை இரவில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு வெப்பத் தேக்கத்தை விளக்க வேண்டியதில்லை. மேற்கில் தாழ்வாரமோ மரமோ இருந்தால் சுவர் அந்தச் சூட்டை வாங்கவே வாங்காது. பழைய வீடுகளில் திண்ணையும் தாழ்வாரமும் செய்த வேலை இது. தேங்கிய வெப்பத்தை இரவுக் காற்றுதான் துடைத்துச் செல்ல வேண்டும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய வீட்டில் சுவர் காலைவரை ஆறாது. ஜன்னலுக்கு வலை அடிப்பதும் வெப்பக் கட்டுப்பாட்டில் ஒரு பகுதியே.

பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகுந்த இடத்தில்தான் கனமான சுவர் முழுப் பயன் தரும். மார்ச் மாதத்தில் சேலத்தில் அந்த வேறுபாடு 12 டிகிரிக்கு மேல் போகிறது. பாம்பனில் அதில் பாதியளவே. கடலோரத்தில் காற்றோட்டமும் நிழலும் சுவரின் எடைக்கு முன்னே நிற்கும். உள்மாவட்டங்களில், மின்விசிறியை மட்டுமே நம்பும் வீட்டுக்கு ஒருகல் செங்கற்சுவரே ஏற்றது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்தைச் சுற்றிப் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, வெப்பத் தேக்கத்துக்கும் வெப்பத் தடுப்புக்கும் நடுவழி. கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே மூன்றங்குலக் காற்றறை விட்டுக் கட்டுவது அது. சுவர் ஒன்பது அங்குலமாகவே இருக்க, கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். காற்றறை வெப்பம் கடப்பதைக் குறைக்கும். தேக்கம் ஓரளவு குறைந்தாலும் தங்கும். விளிம்பில் நிறுத்திய கல்லின் முகம் அழகாக இருப்பதால் வெளிப்பூச்சும் தேவைப்படாது.

இன்றைய நிலை

இப்போது சாம்பல் கல்லும் ஹாலோ பிளாக்கும் காற்றேற்றிய காங்கிரீட்டாலான ஏஏசி பிளாக்கும் சூளைக்கல்லின் இடத்தைப் பிடித்து வருகின்றன. வயல் மேல்மண்ணும் சூளைப் புகையும் இதற்குக் காரணங்களில் அடங்கும். 200 மி.மீ. ஏஏசி சுவர், செங்கற்சுவரில் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே கடத்தும், மூன்றில் ஒரு பங்கையே தேக்கும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புகளின் வெளிச்சுவர் வழியே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்தது. அக்கணக்கில் கடத்தும் அளவுக்கு இடம் உண்டு. சுவரின் எடைக்கு இல்லை.