மூணாம் நம்பர் கூண்டும் முஜிப் கில்லாவும்

"பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." ஐப்பசி, கார்த்திகை வந்தாலே இது காதுல விழும். சரி, மூணுன்னா என்ன, ஏழுன்னா என்னன்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க. "நம்பர் ஏற ஏற ஆபத்து ஏறும்"ம்பாங்க. பாதிதான் சரி. 5, 6, 7 மூணுமே ஒரே அளவு ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, இல்லை நேரா அது மேலேயேவா கரையைக் கடக்கும்ங்கறதுதான் வித்தியாசம். 8, 9, 10க்கும் அதே கதை. 11ன்னா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்துல கப்பல்காரங்களுக்காகப் போட்ட கணக்கு இது. கரையில குடிசை போட்டு வாழறவங்களை நினைச்சுப் போட்டது இல்லை.

இந்தக் கணக்கு வங்கதேசத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதை அந்த ஊர் ஜனங்க எப்படி மாத்திக்கிட்டாங்கன்னு தேடினப்பதான் இந்தப் பதிவுக்கான விஷயம் சிக்குச்சு.

1970, நவம்பர் 12 ராத்திரி. அப்போ அது கிழக்குப் பாகிஸ்தான். போலா புயல் அடிச்ச நேரத்துல கடல் ஏற்றமும் சேர்ந்துக்கிச்சு. செத்தவங்க மூணு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் வரைன்னு சொல்றாங்க. சரியான கணக்கு இன்னிக்கு வரைக்கும் கிடையாது. தஜுமுத்தீன்கிற ஒரு வட்டாரத்துல மட்டும் 1,67,000 பேர்ல 45 சதவீதத்துக்கு மேல போயிட்டாங்க. இதுல என்னை உலுக்கினது வேற ஒரு விவரம். பிறகு நடந்த ஒரு கணக்கெடுப்பின்படி, அந்தப் பகுதியில 90 சதவீதத்துக்கும் மேலானவங்களுக்குப் புயல் வர்றது முன்னாடியே தெரியும். உறுதியான கட்டிடத்தைத் தேடிப் போனவங்க? ஒரே ஒரு சதவீதம்.

"படிக்காத ஜனங்க, சொன்னா கேக்கலை"ன்னு முடிச்சுடறது சுலபம். எனக்கு அது ஒப்பலை. ஆத்து வண்டல் சேர்ந்து உண்டான மண் திட்டுகள்ல வாழறவங்க அவங்க. எங்கே போறது? வீட்டோட மொத்தச் சொத்தே ரெண்டு மாடு. அதை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? ரேடியோ இதுக்கெல்லாம் பதில் சொல்லலையே.

1972ல செஞ்சிலுவைச் சங்கம் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம்னு ஒண்ணை ஆரம்பிச்சுது. அடுத்த வருஷமே புது வங்கதேச அரசும் கை கோத்துக்கிச்சு. திட்டத்துல பெருசா மந்திரம் ஒண்ணும் இல்லை. அந்தந்த ஊர்லயே தொண்டர்களைச் சேர்த்து டிரான்சிஸ்டர், மெகாபோன், கையால சுத்தற சைரன், கொடி கொடுத்தாங்க. எச்சரிக்கைன்னா ஒரு கொடி, ஆபத்துன்னா ரெண்டு, பேராபத்துன்னா மூணு. கப்பல்காரன் நம்பர் எல்லாம் மூணு கொடிக்குள்ள அடங்கிடுச்சு! வாசல்ல வந்து கத்தறதும் பக்கத்து வீட்டுப் பையன்தான். அவன் சொன்னா நம்பலாம்.

மாட்டுக்கும் வழி பண்ணினாங்க. உயரமா மண்ணைக் கொட்டி மேடு எழுப்பினாங்க. ஷேக் முஜிபுர் ரஹ்மான் பேரால அதுக்கு 'முஜிப் கில்லா'ன்னு பேரு. (செஞ்சிக் கோட்டை கில்லேதார் ஞாபகம் வருதா? அதே கில்லாதான்.) மாட்டை மேட்டுல கட்டிட்டா மனுஷன் தானா கிளம்புவான். ஆனா பல கில்லாக்கள் பிற்பாடு கவனிக்க ஆளில்லாம கரைஞ்சே போச்சுங்கறதையும் சொல்லணும்.

1991, ஏப்ரல் 29. சிட்டகாங் பக்கம் மறுபடி பெரும்புயல். சுமார் 1,38,000 பேர் பலி. 20லிருந்து 44 வயசு வரைக்கும் பார்த்தா, ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் செத்திருக்காங்க, ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. வீட்டுக்காரர் வராம எப்படிக் கிளம்பறதுன்னு காத்திருந்தவங்க, புடவை கால்ல சுத்தி நீந்த முடியாதவங்க, ஆம்பளைங்க நெருக்கியடிச்சு நிக்கற இடத்துல, தனிக் கழிப்பறைகூட இல்லாம, எப்படி ராத்திரி தங்கறதுன்னு தயங்கினவங்க. அதுக்கப்புறம் கட்டின புகலிடங்கள்ல பெண்களுக்குன்னு தனி இடம், கழிப்பறை வர ஆரம்பிச்சுது. தொண்டர் படையில இன்னிக்குப் பாதிப் பேர் பெண்கள். புகலிடங்கள்ல பல, மத்த நாள்ல ஆரம்பப் பள்ளிக்கூடம். குழந்தைங்க தினமும் போற இடம், அதனால வழி எல்லாருக்கும் தெரியும்.

வீட்டு அளவுல செய்யறதும் சுவாரஸ்யம். அவல், வெல்லம், தீப்பெட்டியை பாலிதீன்ல சுத்திக் குழி தோண்டிப் புதைக்கறாங்க. தூக்கிக்கிட்டுப் போற மாதிரி மண் அடுப்பு வச்சிருக்காங்க. அடிகுழாயோட தலையைக் கழட்டிட்டு வாயை பாலிதீனால இறுக்கிக் கட்டிடறாங்க. கடல் தண்ணி உள்ளே போயிட்டா அப்புறம் குடிக்க என்ன இருக்கு?

2007ல சித்ர் புயல்ல செத்தவங்க ஏறக்குறைய 3,400 பேர். 2020 மே மாசம் அம்பன் வந்தப்போ, கொரோனாவுக்கு நடுவுல 24 லட்சம் பேரைப் புகலிடங்களுக்குக் கொண்டு போனாங்க. கூடவே அஞ்சு லட்சத்துக்கும் மேல கால்நடைகள். வங்கதேசத்துல இறந்தவங்க சில பத்துப் பேர். புயலுக்குப் புயல் வேகமும் இடமும் வேற, அதனால நேருக்கு நேர் ஒப்பிடறது முழுசா நியாயம் இல்லைதான். இருந்தாலும் லட்சம் எங்கே, பத்து எங்கே!

ஆனா மண் கரைகளை அம்பன் உடைச்சுட்டுப் போயிடுச்சு. சாத்கீரா, குல்னா பக்கம் உயிர் பிழைச்சவங்கள்ல பலர் உடையாம மிச்சம் நின்ன கரை மேலயே மாசக்கணக்குல குடியிருந்தாங்க. கீழே வயல்ல உப்புத் தண்ணி ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு.