மறக்கப்பட்ட ஒரு வாத்தியக் கோஷ்டி

ஒரு சமூகத்தாரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். இசையைத் தொழிலாகக் கொண்டவர்க்கோ அத்தகைய சான்றுகள் அரியன. வாசித்தவர் மறைந்தால் வாசிப்பும் அவருடனேயே மறையும். இந்நிலையை மாற்ற வந்த சாதனம் இசைத்தட்டு. ஆயினும், தட்டில் ஏறிய இசையெல்லாம் உரிய மதிப்பைப் பெற்றுவிட்டதென்று கொள்ளுதல் பொருந்தாது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்னும் கறுப்பினத்துப் பெரியார் நடத்திய வாத்தியக் கோஷ்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நாதஸ்வரத்தையும் தவிலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல கொண்ட நம் சமூகத்தார் அதனை அறிதல் பயனுடையது.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1880ஆம் ஆண்டில், அலபாமா மாகாணத்து மொபீல் நகரில் யூரோப் பிறந்தார். வாஷிங்டன் நகரில் வளர்ந்து, பியானோவும் வயலினும் பயின்று, பிழைப்பை நாடி நியூயார்க் சேர்ந்தார். அக்காலத்தில் அந்நகரத்துச் செல்வர் மாளிகைகளில் வாசித்த கறுப்பின வித்துவான்களின் நிலை இரங்கத்தக்கது. உணவு பரிமாறுதல் முதலிய ஏவல் வேலைகளையும் அவர்களே செய்ய வேண்டியிருந்தது. பேசிய சம்பளம் என்பது இல்லை. விருந்தினர் மனமுவந்து எறியும் காசே வரும்படி. வித்தையை விரும்பினர்; வித்துவானை மதித்தாரில்லை.

இக்குறையைத் தனியொருவர் தீர்த்தல் இயலாதென்று யூரோப் உணர்ந்தார். 1910ஆம் ஆண்டில் தோழர் பலருடன் கூடிக் 'கிளெப் கிளப்' என்னும் சங்கத்தை நிறுவி, அதன் முதல் தலைவரானார். மேனாட்டு ஸ்வரக்குறிப்பின் தொடக்கத்தில் இடப்படும் அடையாளத்துக்குக் கிளெப் என்று பெயர். வாத்தியக்காரர் வேண்டுவோர் சங்கத்தின் அலுவலகத்துக்கே சொல்லியனுப்ப வேண்டும். சங்கம் ஆட்களை அனுப்பும். கூலியும் வழிச்செலவும் முன்னரே பேசி முடிக்கப்படும். வாசிக்க வந்தவர் வாசித்தலையன்றி வேறு வேலை செய்யார். ஒழுங்கான உடையும் காலந்தவறாமையும் உறுப்பினர்க்கு விதிகளாயின. இவ்வாறு ஏவலாளென்று கருதப்பட்டவர் தொழிலாளியென்ற மரியாதையைப் பெற்றார்.

1912ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி, நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் இச்சங்கத்தார் நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியக்காரருடன் கச்சேரி நடத்தினர். கறுப்பினப் பிள்ளைகள் பயின்ற ஓர் இசைப்பள்ளியின் நிதிக்காக நடந்தது அது. வயலின் முதலியவற்றோடு மாண்டலின்களும் பாஞ்ஜோக்களும், பத்துக்குக் குறையாத பியானோக்களும் மேடையை நிறைத்தன. அவ்வாத்தியச் சேர்க்கை ஐரோப்பியரின் கோஷ்டிகளைப் பார்த்து அமைத்ததன்று. தம் இனத்தார்க்குப் பழகிய நாதத்தையே யூரோப் மேடையேற்றினார்.

அடுத்த ஆண்டின் இறுதியில் அவர் கிளெப் கிளப்பை விட்டு விலகினார். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த வெர்னன் காசில், ஐரீன் காசில் என்னும் நடனத் தம்பதிகளுக்கு அவர் கோஷ்டியே பக்கவாத்தியம் வாசித்தது. விக்டர் கிராமபோன் கம்பெனியார் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பெரிய இசைத்தட்டுக் கம்பெனியொன்று கறுப்பினத்தவர் நடத்திய கோஷ்டியுடன் செய்த முதல் ஒப்பந்தம் இதுவே என்பர். 1913 டிசம்பரிலும் 1914 பிப்ரவரியிலும் 'யூரோப்ஸ் சொசைட்டி ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பெயரால் தட்டுக்கள் பதிவாயின.

அவை மின்சாரமின்றி, பெரிய குழாயின் எதிரே வாசித்துப் பதிந்தவை, ஓசை மங்கலே. எனினும் செவிசாய்ப்போர்க்கு அவற்றின் சிறப்பு விளங்கும். 'டௌன் ஹோம் ராக்' என்ற தட்டில் பாஞ்ஜோக்கள் ஓயாது துரிதகதியில் ஓட, வாசிப்போர் இடையிடையே உற்சாகக் குரல் எழுப்புகின்றனர். 'காசில் ஹவுஸ் ராக்' என்ற தட்டின் இறுதிப் பகுதியில் பட்டி கில்மோர் என்பவரின் முழக்கருவி, தாளங்காட்டுவதோடு நில்லாமல் தானும் பேசுகின்றது.

முதல் உலக யுத்தத்தில் யூரோப் சேனையிற் சேர்ந்து, அதிகாரிப் பதவி பெற்று, தம் படைப்பிரிவுக்கென ஒரு பாண்டு அமைத்தார். ஊதுவாத்தியக்காரர் போதாமையால் போர்ட்டோ ரீக்கோ தீவுக்குச் சென்று ஆட்களைத் திரட்டினார். 369ஆம் காலாட்படை என்று பெயர்பெற்ற அப்பிரிவு பிரெஞ்சுச் சேனையோடு சேர்ந்து போர் புரிந்தது. யூரோப் தாமும் யுத்தமுனையில் நின்று விஷப்புகையால் தாக்குண்டார். 1919 பிப்ரவரி 17ஆம் தேதி அப்படை நியூயார்க்கின் ஐந்தாம் பெருவீதியில் வெற்றி ஊர்வலம் வந்தது. அவ்வாண்டு மார்ச்சிலும் மே மாதத்திலும் பாதே கம்பெனிக்காக அப்பாண்டு பல தட்டுக்கள் பதிந்தது. 'மெம்பிஸ் புளூஸ்' என்ற தட்டில் கோஷ்டி முழுவதும் சட்டென ஓய, ஒவ்வொரு வாத்தியமாக முன்வந்து தன் வித்தையைக் காட்டிப் பின்வாங்கும் அழகு கேட்டு மகிழத்தக்கது.

அந்தோ! 1919 மே 9ஆம் தேதி, பாஸ்டன் நகரக் கச்சேரியின் இடைவேளையில், தம் கோஷ்டியைச் சேர்ந்த ஒருவரால் யூரோப் கத்தியாற் குத்துண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதே.

இத்தகையோர் புகழ் மங்கியது எவ்வாறு? தலைவர் இறந்தபின் கோஷ்டியும் நிலைக்கவில்லை. பாதே தட்டுக்கள் வேறு முறையில் வெட்டப்பட்டமையால், பெரும்பாலார் இல்லங்களிலிருந்த இயந்திரங்களில் ஒலிக்கமாட்டா. இவற்றினும் பெரிது, சரித்திரம் எழுதியோர் வகுத்த எல்லை. வெள்ளையர் ஐவர் கொண்ட 'ஒரிஜினல் டிக்ஸிலாண்டு ஜாஸ் பாண்டு' 1917 பிப்ரவரியிற் பதிந்த தட்டையே ஜாஸ் இசையின் முதல் தட்டென்று கொண்டனர். யூரோப்பின் கோஷ்டியோ பெரியது. ஸ்வரக்குறிப்பைப் பார்த்து வாசித்தது. ஆகவே அதனைப் பிறிதொரு வகையென்று ஒதுக்கினர். ஜாஸ் என்னும் பெயர் அதற்குப் பொருந்துமோ பொருந்தாதோ, அவ்விசை பிறந்து வளர்ந்த வழியை அறிய இத்தட்டுக்களின்றி முடியாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 1914ஆம் ஆண்டுத் தட்டைச் சேர்த்தமையும், பழைய விக்டர் தட்டுக்களை 2011 முதல் யாவரும் கேட்கத் திறந்துவைத்தமையும் காலந்தாழ்ந்து செய்த நீதியாகும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சங்கமாகக் கூடியதனால் அவ்வித்துவான்கள் கூலியையும் மானத்தையும் பெற்றனர். அவ்வலிமையே அவர்களை இசைத்தட்டு வரைக்கும் கொண்டு சேர்த்தது. ஆயினும் அத்தட்டுக்களின் முகப்பில் கோஷ்டியின் பெயரைக் காணலாமேயன்றி, பாஞ்ஜோ மீட்டினவர் இன்னார், வயலின் வாசித்தவர் இன்னார் என்று காண்பதற்கில்லை. நம் இல்லங்களிலும் முன்னோர் வாசித்த பழந்தட்டுக்கள் இருத்தல் கூடும். முதல்வர் பெயர் அவற்றில் இருக்கலாம். ஒத்து ஊதினவரும் தாளம் போட்டவரும் யாரென்பதை வயது முதிர்ந்தோரே அறிவர். அன்பர்கள் அப்பெயர்களை இப்பொழுதே கேட்டு எழுதிவைப்பார்களாக. முதியோர் மறைந்தபின் அவற்றைச் சொல்வார் எவருமிலர்.