நாடாவில் நுழைந்த சாத்தான்

பேய் குடியிருக்கப் புளியமரம் வேண்டும், நள்ளிரவு வேண்டும், ஆள் நடமாட்டமற்ற இடம் வேண்டும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவையெதுவும் வேண்டியதில்லை, மின்விசையால் சுழலும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றே போதும் என்று காட்டிய நாடு எது தெரியுமா? அமெரிக்கா! நிலவிலே மனிதனை இறக்கிய அதே அமெரிக்கா!

கருவியின் கதையை முதலிற் கூறிவிடுவோம். 1877இல் எடிசன் அமைத்த ஒலிப்பொறியின் உருளை கையாற் சுழற்றப்பட்டது; ஆகவே பின்னோக்கியும் சுழற்ற முடிந்தது. எனினும் ஒலியைத் திருப்பிக் கேட்பது எளிதான வேலையானது நாடா வந்த பிறகே. ஜெர்மனியிலே பிஃளூமர் என்பார், காந்தத் தூள் பூசிய காகித நாடாவிலே ஒலியைப் பதியும் முறைக்கு 1928இல் காப்புரிமை கோரினார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியிலே, மாக்னெட்டோஃபோன் என்ற பெயருடன் டேப் ரிக்கார்டர் அரங்கேறிற்று. இடச்சுருளிலிருந்து அவிழும் நாடா, காந்தத் தலையை உரசிக்கொண்டு ஓடி, வலச்சுருளிலே போய்ச் சுற்றிக்கொள்ளும். நாடாவின் முழு அகலத்திலும் ஒரே தடமாகப் பதிந்திருந்தால், ஓடி முடிந்த சுருளை எடுத்துப் புரட்டி இடப்பக்கத்தில் மாட்டினால் தீர்ந்தது: இறுதி முதலாகும், முதல் இறுதியாகும். அரைத்தடக் கருவியாயின் சுருளைப் புரட்டினால் மறுபாதிப் பதிவே ஒலிக்கும். அதை வைத்திருந்தோர் நாடாவையே முறுக்கிவிட்டு, முதுகுப்புறத்தைத் தலையில் உரசவிட்டு, மங்கிய ஒலியைக் கேட்டு மகிழ்ந்தனர்.

திருப்பினால் என்ன கேட்கும்? 'விகடகவி' என்று எழுதி வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'விகடகவி' என்றே வரும். அதையே நாடாவிற் பேசித் திருப்பி ஓட்டுங்கள். 'இவகடகிவ்' என்பது போன்றதோர் உளறல் வரும்! எழுத்து மாறாதிருக்க, ஒலி மாறியது ஏன்? 'வி' என்பது கண்ணுக்கு ஓரெழுத்து. காதுக்கோ வகரமும் இகரமுமாக ஈரொலி. கருவி எழுத்தறியாது, வந்த ஒலியை வந்த வழியே திருப்பியனுப்பும். பியானோவைத் தட்டியதும் ஓங்கியெழுந்து மெல்லத் தேய்கிற நாதம், திருப்பினால் ஒன்றுமில்லாமையிலிருந்து வளர்ந்து, வெட்டினாற் போல் நிற்கும். கேட்பதற்கு விந்தைதான். ஆனால், அந்த விந்தையிலே மறைபொருள் ஏதும் இல்லை.

கலைஞர்கள் இந்த விந்தையைக் கண்டுகொண்டனர். 1966 ஏப்ரலில் இலண்டனில் 'ரெய்ன்' என்ற பாட்டைப் பதிந்த பீட்டில்ஸ் குழுவினர், அதன் முடிவிலே பாடகரின் குரலைத் திருப்பி ஓட்டிச் சேர்த்தனர். நாடாவை இரவில் வீட்டிலே தவறுதலாக மாட்டிக் கேட்டு வியந்ததால் பிறந்தது இது என்றார் லெனன். யோசனை என்னுடையது என்றார் பதிவை நடத்திய மார்ட்டின். எவர் கூற்று மெய்யாயினும் நமக்கு நட்டமில்லை. ஒன்று உறுதி: அதைச் செய்தது மனிதன் கை.

மனிதன் கை என்றால் மடமைக்குச் சுவைக்குமா? 1969 அக்டோபரில், நிலவில் காலடி பதிந்த மூன்றாம் திங்களில், டெட்ராய்ட் நகரத்து வானொலி நிலையத்துக்கு ஒருவர் தொலைபேசியிற் பேசினார்: "பீட்டில்ஸ் குழுவின் 'ரெவல்யூஷன் 9' தட்டைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள்!" சுழற்றினர். மக்கார்ட்னி இறந்துவிட்டார் என்பதற்கு மறைகுறிப்பு கேட்கிறதாம்! அந்தச் சேதி காட்டுத்தீயாயிற்று. ஸ்காட்லாந்திலே தம் பண்ணையில் குடும்பத்தோடு இருந்த மனிதரை 'லைஃப்' ஏடு தேடிச்சென்று, நவம்பர் 7ஆம் நாளிட்ட இதழின் அட்டையிலே அவர் படத்தைப் போட்டு, உயிரோடிருக்கிறார் என்று ஊருக்கு உரைக்க வேண்டியதாயிற்று.

இதுவரை விளையாட்டு. அடுத்து வந்தது வினை. 1982இல் கலிஃபோர்னியாச் சட்டமன்றக் குழுவொன்று கூடி, லெட் செப்பெலின் குழுவின் பாட்டைத் திருப்பி ஒலிக்கச் செய்து, சாத்தானைப் புகழும் சொற்கள் அதிலே உண்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. நுகர்வோர் நலத்தோடு நச்சுப் பொருட்களையும் கவனிக்கும் குழு அது, பொருத்தந்தான்! 1983இல் ஆர்க்கன்சா மாநிலத்திலே, இத்தகைய தட்டுகளின்மீது எச்சரிக்கை ஒட்டவேண்டுமென்ற சட்டவரைவே நிறைவேறியது. ஆளுநர் கிளின்டன் அதைத் திருப்பியனுப்பினார். ஒலியைத் திருப்பியவர்களுக்குச் சட்டம் திரும்பி வந்தது.

ஆய்ந்து பார்ப்போம் என்று முன்வந்தோர், கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக் கழக உளவியலார் வோக்கி, ரீட் இருவர். 1985இல் வெளிவந்த அவர்தம் ஆய்வை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பின்னோக்கி ஒலித்த பேச்சைக் கேட்டோர், பேசியது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிட்டனர். ஆனால் பொருள்? மழலைப் பாட்டு, கிறித்தவம், சாத்தான், காமம், விளம்பரம் என்ற ஐந்தனுள் எதைச் சேர்ந்ததெனப் பிரிக்கச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எவ்வளவு சரியாகுமோ அவ்வளவே சரியாயிற்று. பின்னர், விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தைப் பதிந்து திருப்பினர்; அந்த உளறலில் சொற்போல ஒலித்த சில துணுக்குகளைத் தாமே பொறுக்கினர்; "இன்னது கேட்கிறதா, பாருங்கள்" என்றனர். உடனே கேட்டது! சொல்லாதவரை கேளாதது, சொன்னவுடன் கேட்டது. திருமறையைத் திருப்பினாலும் தேடியது கிடைக்கிறது என்றால், சாத்தான் குடியிருந்தது நாடாவிலா, நாவிலா?

இந்த ஆய்வு வெளிவந்த அதே 1985இன் டிசம்பரில், நெவாடா மாநிலத்து இளைஞர் இருவர் தற்கொலைக்கு முற்பட்டனர். ஒருவர் அன்றே மாண்டார். மற்றவர் மூன்றாண்டு துன்புற்று மாண்டார். பெற்றோர் துயரை நாம் எள்ளோம், எள்ளத் தகாது. ஆனால் அத்துயரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற வழி எது? ஜூடாஸ் பிரீஸ்ட் இசைக்குழுவின் 1978ஆம் ஆண்டுத் தட்டிலே 'செய்' என்ற ஆணை ஒளிந்திருக்கிறது, பின்னோக்கிக் கேட்டால் சாகத் தூண்டும் சொற்களும் உள்ளன என்று வழக்கு! 1990இல் ரெனோ நகர மன்றத்திலே விசாரணை நடந்தபோது, அவ்விளைஞர் வாழ்வைச் சூழ்ந்திருந்த துயரங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நாடா ஓடுமுன்பே அவர்களைச் சூழ்ந்திருந்த துயரங்கள் அவை. அவற்றின்மீது வழக்குத் தொடுப்பாரில்லை.

பாடகர் ஹால்ஃபோர்ட் கூண்டேறினார். தம் பாட்டைத் தாமே திருப்பிக் கேட்டு வந்திருந்தார். மன்றத்திலும் போட்டுக் காட்டினார். தாயிடம் ஒரு பிள்ளை, தன் நாற்காலி உடைந்துபோயிற்றென்று முறையிடுவதாக அதிலே கேட்டது!

1990 ஆகஸ்ட் 24ஆம் நாள் நடுவர் ஒயிட்ஹெட் தீர்ப்பு வழங்கினார். 'செய்' என்று ஒலித்தது, ஒரு தடத்திலே பாடகர் விட்ட மூச்சும் வேறொரு தடத்திலே கிதார் எழுப்பிய ஒலியும் தற்செயலாகக் கூடியதால் விளைந்தது; எவரும் வேண்டுமென்றே வைத்ததன்று எனக் கண்டு, வழக்கைத் தள்ளினார்.