சிரிப்பின் வழியே ஒரு மொழிப்பாடம்: மதுரை நாட்டில் இத்தாலியர் கற்ற பேச்சுத்தமிழ்

வைகையின் வடகரையில் அரசு மருத்துவமனையும் கல்லூரிகளும் கடைவீதிகளும் நெருங்கி நிற்கும் இன்றைய கோரிப்பாளையம், நாயக்கர் காலத்தில் மதுரைக் கோட்டைக்கு வெளியே, ஆற்றைக் கடந்து சென்றடைய வேண்டிய புறப்பகுதியாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களின் அடக்கத்தலமாகப் போற்றப்படும் தர்கா இக்கரையிலும், மீனாட்சியம்மன் கோயிலும் நாயக்கர் அரண்மனையும் அக்கரையிலும் அமைய, தமிழோடு தெலுங்கும் சௌராட்டிரமும் வடமொழியும் அரபும் தத்தம் இடங்களில் ஒலித்த பன்மொழி நகரமாக மதுரை விளங்கியது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரத்தையும் அதைச் சூழ்ந்த நாட்டையும் நாடிவந்த இத்தாலியத் துறவிகள் அன்றாடத் தமிழைக் கற்க வகுத்துக்கொண்ட வழிகள், வேற்றுமொழி கற்றல் என்னும் கலையின் வரலாற்றில் தனிச்சிறப்புக்கு உரியவை. அவற்றுள் நகைச்சுவைக்குக் கிடைத்த இடம் இன்றைய மொழியாசிரியரும் மாணவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

இத்தாலியப் பிரபுக் குடும்பம் ஒன்றில் 1577இல் பிறந்து இயேசு சபையில் சேர்ந்த இராபர்ட் தெ நோபிலி, 1605இல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தங்கித் தமிழ் பயின்றபின் 1606இல் மதுரையை அடைந்தார். அவருக்கு முன்பே அங்குப் பணியாற்றிவந்த போர்த்துக்கீசியரான கொன்சாலோ பெர்னாந்தஸ் பெரும்பாலும் பரதவர்களிடையே பழகிவர, நோபிலியோ உயர்குடியினரோடும் கற்றோரோடும் உரையாட விரும்பித் துறவிக்கோலம் பூண்டு, சிவதருமர் என்ற தெலுங்கு அந்தணரிடம் வடமொழியைக் கற்று, தமிழிலும் தெலுங்கிலும் தேர்ச்சி பெற்றார். செய்யுளே நூலுக்கு உரிய வடிவம் என்று கருதப்பட்ட காலத்தில் ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ முதலிய விரிந்த உரைநடை நூல்களை அவர் இயற்றியமைக்கு, ஆசிரியரோடு வாய்மொழியாக நாள்தோறும் வாதித்தும் வினவியும் பெற்ற அந்தப் பயிற்சி அடிப்படையாக அமைந்தது எனலாம்.

தொடக்கநிலை மாணவருக்கு அன்று கைக்கொள்ளக் கிடைத்த கருவிகள் மிகச் சில. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்ட என்றிக்கே என்றிக்கஸ், அதற்கும் முன்னரே போர்த்துக்கீசிய மொழியில் தமிழிலக்கணம் ஒன்றை எழுதியிருந்தார். அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அவர் மறைந்தபின், 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியரான சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு சேர்ந்தமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தெளிவாக வேறுபடுத்தி எழுதப்படாமையாலும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி இடப்படாமையாலும், சொல்லை முன்பே அறிந்தவருக்கன்றி ஏனையோருக்கு வாசிப்பே பெருந்தடையாக நின்றது.

இத்தாலிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குத் தமிழின் சில பண்புகள் பழக்கமானவையாகவே இருந்திருக்க வேண்டும். ‘பேசுகிறேன்’ என்னும் வினைமுற்றின் விகுதியே பேசுபவரைக் காட்டிவிடுவதால் ‘நான்’ என்பது தமிழில் வேண்டப்படாதது போலவே, இத்தாலியத்தில் ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லி’ என்றால் பேசுகிறாய், ‘பார்லா’ என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள், ‘பார்லியாமோ’ என்றால் பேசுகிறோம் என எழுவாயின்றியே பொருள் விளங்கும். கனி, கன்னி என்பவற்றில் மெய் இரட்டித்தால் பொருள் மாறுவதைப் போல, இத்தாலியத்திலும் ‘நோனோ’ என்பது ஒன்பதாவது என்றும், ‘நொன்னோ’ என்பது தாத்தா என்றும் பொருள் தரும். இவற்றுக்கு எதிராக, வினை இறுதியில் வரும் தொடரமைப்பும், ‘வந்த மனிதர்’ என்பது போலப் பெயருக்கு முன்னே நிற்கும் பெயரெச்சமும், முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடும், மேசைக்கும் புத்தகத்துக்கும்கூட ஆண்பால் பெண்பால் வகுக்கும் தம் மொழிக்கு மாறாக உயர்திணை அஃறிணை எனப் பகுக்கும் முறையும், ழகர ஒலியும் அவர்களுக்குப் புதியனவாக இருந்தன.

இச்சிக்கல்களை முறைப்படி அணுகியவர், தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்ற கொன்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி ஆவார். வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் 1680இல் பிறந்த அவர், 1710இல் கோவா வந்து, அதன்பின் மதுரை மறைத்தளத்தில் பணியேற்றார். மதுரை மறைத்தளம் என்பது அந்நகரோடு நில்லாமல் திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிகள் வரை பரந்திருந்த இயேசு சபையின் பணிக்களமாகும். அவர் பிறந்த நாட்டிலேயே வீட்டிலும் சந்தையிலும் வட்டாரப் பேச்சும், இலக்கியத்தில் தஸ்கனி நாட்டு வழக்கை ஒட்டிய மொழியும், கல்விக்கூடத்திலும் கோயிலிலும் இலத்தீனும் வழங்கின. மக்கள் பேச்சு நூலுக்குத் தகுதியானதா என்பது தாந்தே காலம் முதல் அங்கு அறிஞர்கள் விவாதித்துவந்த பொருளாகும்; இத்தாலி ஒரே அரசாக ஒன்றுபட்ட 1861ஆம் ஆண்டில்கூட பொது இத்தாலியத்தைப் பேசியோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு என்பது துல்லியோ தெ மவுரோ என்ற மொழியியலாளரின் மதிப்பீடு. இத்தகைய சூழலில் வளர்ந்தவருக்குத் தமிழின் இரட்டை வழக்கு வியப்பளித்திராது. அதை ஒரு குறையாகக் கருதாமல், இரு வழக்குக்கும் தனித்தனி இலக்கணம் தேவை என்று அவர் முடிவு செய்தமைக்கு இப்பின்னணியும் ஒரு காரணமாகலாம்.

அதன்படி, புலவர் வழக்கான செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் நாள்தோறும் வழங்கிய கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் அவர் இலத்தீன் மொழியில் எழுதினார். கொடுந்தமிழ் என்பது இங்கு இழிவுப்பெயராக வரவில்லை, செய்யுள் நெறியினின்று விலகிய பொதுவழக்கு என்பதே பொருள். 1728இல் எழுதப்பட்ட கொடுந்தமிழ் இலக்கணம், பத்தாண்டுகளுக்குப்பின் தரங்கம்பாடியில் இலுத்தரன் சபையினரின் அச்சகத்தில் வெளிவந்தது. அச்சபையினரின் கோட்பாடுகளை மறுத்துக் கடுமையான நூல்கள் எழுதியவர் வீரமாமுனிவர். எனினும், பேச்சுத்தமிழைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பதால் எதிரணியினரே அதை அச்சிட்டுப் பயன்படுத்தினர். நெடில் ஏகார ஓகாரங்களைக் குறிலினின்று பிரித்துக் காட்ட அவர் ஏற்படுத்திய எழுத்துத் திருத்தம் இன்றுவரை நிலைத்துள்ளது. 1732இல் தொகுத்த ‘சதுரகராதி’ கற்றோருக்குப் பயன்பட, இறுதிக்காலத்தில் அவர் ஆக்கிய தமிழ்–இலத்தீன் அகராதி அன்றாடச் சொற்களைத் தேடும் மாணவருக்கு உதவியது.

அந்த அகராதியோடு அவர் இணைத்த ‘பரமார்த்த குருவின் கதை’தான் அவருடைய கற்பித்தல் முறையின் சிகரம் எனத் தகும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களுக்கேற்ற குருவும் கொண்ட இக்கதையைத் தமிழுரைநடையில் எழுதி, அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே உடன் வைத்தார். முதல் கதையில் ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறியச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்க, அது சீறிப் புகைவதைக் கண்டு அனைவரும் அஞ்சுகின்றனர். அணைந்த கட்டையை மீண்டும் தோய்த்தபோது ஓசை எழாததால் ஆறு உறங்கிவிட்டதென எண்ணிக் கடக்கின்றனர். கரையேறியதும் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே இருப்பதாகக் கண்டு, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதெனக் கதறி அழுகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் இணைக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் எழும்வரை, ஆற்றைக் கடப்பது என்பது வைகைக்கரை மக்களின் நாள்தோறுமான அலுவலாக இருந்ததால், அதற்குரிய சொற்கள் பயணம் செய்யும் எந்த அயலாருக்கும் முதலில் தேவைப்பட்டவையே.

கதைகளின் நகைச்சுவைக்கு அடியில் பாடத்திட்டம் ஒன்று ஒழுங்காக அமைந்திருப்பது கூர்ந்து நோக்கினால் புலப்படும். ஆற்றுக்கதையில் எண்ணுப்பெயர்களும் தன்மை, படர்க்கை இடங்களும் திரும்பத்திரும்ப வருகின்றன; பூசணிக்காயைக் குதிரை முட்டையென நம்பி வாங்கும் கதையில் விலை பேசும் வழக்கும், வாடகை மாட்டின் நிழலில் குரு அமர்ந்ததற்கும் கூலி கேட்கும் கதையில் வழக்காடும் முறையும் இடம்பெறுகின்றன. குதிரையிலிருந்து விழுவனவற்றுள் எவற்றை எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதி வாங்கிய சீடர்கள், குருவே குழியில் விழுந்தபோது அவர் பெயர் பட்டியலில் இல்லையென்று அவரைத் தூக்க மறுக்கும் இடத்தில், ஏவலும் நிபந்தனையும் எதிர்மறையும் ஒருங்கே பயில்கின்றன. மூடரின் பேச்சு சிறு தொடர்களாகவும் கூறியது கூறலாகவும் அமைவது இயல்பாதலால், மாணவருக்குத் தேவையான மறுபயிற்சி சலிப்பின்றிக் கிடைக்கிறது. நகைப்பு எழுந்ததா இல்லையா என்பதே, தொடரின் பொருள் விளங்கியதா என்பதற்குச் சோதனையும் ஆகிறது. தம்மை எண்ண மறக்கும் மூடர், காயை முட்டையென வாங்கும் மூடர் பற்றிய கதைகள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் வழங்குபவை; பலரும் அறிந்த கதைக்கருவை எடுத்து அதில் புதிய மொழியைப் பொதிந்து தந்தமையால், கற்பவரின் முழுக்கவனமும் சொல்லின்மேல் நிற்க முடிந்தது.

1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை இலண்டனில் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் பதிப்பித்தபோது, சொற்பட்டியலையும், முதல் கதைக்குச் சொல்தோறும் இலக்கணப் பகுப்பையும் சேர்த்து அதை முழுமையான பாடநூலாக்கினார். 1826இல் துபுவா பாதிரியார் பஞ்சதந்திரத்தோடு இதைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அயலாருக்கென எழுதப்பட்ட நூல் நாளடைவில் தமிழ்ச் சிறுவர்களின் கதையாகவும் மாறி, தமிழ் உரைநடைப் புனைவின் முன்னோடிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

இன்று மதுரை மாணவர் ஒருவர் எதிர்த்திசையில் நடந்து இத்தாலியம் கற்க முனைந்தாலும் இவ்வழி முற்றிலும் பொருந்தும். போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழில் கலந்த சாவி, அலமாரி, கோப்பை என்பவற்றுக்கு உறவான ‘கியாவே’, ‘அர்மாதியோ’, ‘கொப்பா’ ஆகிய வீட்டுச்சொற்களிலிருந்து தொடங்கி, நண்பரிடம் ‘தூ’ என்றும் மதிப்புக்குரியோரிடம் ‘லேய்’ என்றும் விளித்து அதற்கேற்ப வினைவிகுதியை மாற்றும் நுட்பத்தை நீ, நீங்கள் என்ற தம் வழக்கோடு ஒப்பிட்டு உணர்ந்து, தமக்கு முன்பே தெரிந்த நகைச்சுவைக் கதைகளை அம்மொழியில் சொல்லிப் பழகலாம். இலக்கண வாய்பாடு முற்றும் மனப்பாடம் ஆனபின்னரே பேச வேண்டும் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் பேசாமலே நின்றுவிடுகின்றனர். செந்தமிழில் ‘தேம்பாவணி’ என்னும் பெருங்காப்பியம் பாடும் அளவுக்குப் புலமை பெற்ற ஒருவரே, தமக்குப்பின் வருவோரின் கையில் முதலில் மூடர் கதையைக் கொடுத்தார் என்பது, எளிமையும் மகிழ்ச்சியும் ஆழ்ந்த மொழியறிவுக்குப் பகையானவை என்ற எண்ணத்தை மறுக்கும் வலுவான வரலாற்றுச் சான்றாகும். மொழிப்பாடங்களை வகுப்போர் இச்சான்றை மனத்திற்கொள்வது, கற்கும் தலைமுறைக்குச் செய்யும் பெரும் நன்மையாக அமையும்.