பன்னிரண்டு மணி நேரக் காவல்

சிறுநீரக மாற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அறுவை அரங்கின் வாயிலோடு நின்றுவிடுகின்றனர். கத்தி பிடித்த கைகள் நினைவில் நிற்கின்றன. நோயாளி வீடு திரும்பிய பின் தொடங்கும் நெடிய காவல் நினைவில் நிற்பதில்லை. அக்காவல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்த கதையையே இங்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

1954 டிசம்பர் 23 அன்று, பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ரொனால்டு ஹெரிக் என்னும் இளைஞரின் சிறுநீரகம் ஒன்று அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தப்பட்டது. அறுவையைச் செய்தவர் ஜோசப் மர்ரே. உடன்பிறந்தோர் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அதை உறுதிசெய்ய ஒருவரின் தோலை மற்றவர்க்கு ஒட்டிப் பார்த்தனர், கைரேகைகளையும் ஒப்பிட்டனர். ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. வந்த உறுப்பை அவருடைய உடல் தன்னுடையதாகவே கருதியது.

இரட்டையராகப் பிறக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஏனையோரின் உடல், வாயிற்காவலன் அயலானைத் தடுப்பதுபோல், புதிய சிறுநீரகத்தைத் தாக்கியது. அதைத் தடுக்க முதலில் உடல் முழுவதும் கதிர்வீச்சு செலுத்திப் பார்த்தனர்; பலர் தொற்றுநோய்க்கு இரையாயினர். அடுத்து வந்தது அசதயோபிரின் என்னும் மருந்து. அதன் துணைகொண்டு 1962இல், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் அதே மருத்துவமனையில் வெற்றியுடன் பொருத்தப்பட்டது. 1963இல் தாமஸ் ஸ்டார்சல் அதனுடன் பிரட்னிசோனைச் சேர்த்துக் கொடுத்துப் பெற்ற பலனை வெளியிட்டார். பின்னர் நார்வேயின் மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சை ஒன்று சைக்ளோஸ்போரினைத் தந்தது. 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்கு அளித்த முடிவுகளை வெளியிட, 1983இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் வழங்கியது. 1984இல் ஜப்பானின் சுக்குபா மண்ணில் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ் இன்று பெரும்பாலோர் உண்ணும் மருந்து.

இம்மருந்துகள் உயிர் காத்தன. கூடவே ஒரு கடமையையும் சுமத்தின. சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். டாக்ரோலிமஸின் வழக்கமான வடிவம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உண்ணத்தக்கது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பைத் தாக்கத் தொடங்கும். கூடினால் அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், தொற்றுக்கும் வழிவிடும். இவ்விரு கரைகளுக்கும் இடைப்பட்ட ஓடை மிகக் குறுகியது. இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் நாளில் காலை மாத்திரையை உண்பதற்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும் என்பதும் அதனாலேயே. இதனினும் கொடியது, உறுப்பு நிராகரிப்பு பலவேளைகளில் வலியின்றி நிகழ்வது. நோயாளி நலமாக உணர்வார். கிரியேட்டினின் மட்டும் ஓசையின்றி ஏறியிருக்கும். ஆகவேதான் எடை, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், சிறுநீரின் அளவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைக்கும் ஏடு ஒன்று நோயாளியின் கைக்கு வந்தது.

ஏட்டில் எழுதுவது ஒன்று, நடப்பது ஒன்றாக இருப்பதும் பழைய செய்திதான். மருந்துண்டதாக நோயாளர் பொய் சொல்வர் என்னும் எச்சரிக்கை ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே இடம்பெற்றுவிட்டது. 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சிறுநீரகம் பெற்ற 100 பேருக்கு ஆண்டொன்றுக்கு 36 என்ற அளவில் எதிர்ப்பாற்றல் ஒடுக்கும் மருந்துகளைச் சரிவர உண்ணாத நிலை காணப்படுவதாகக் கணித்தது. மறதி, பக்கவிளைவு, மருந்தின் விலை, ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்னும் நினைப்பு எனக் காரணங்கள் பல. புட்டியின் மூடிக்குள் மின்னணுச் சில்லைப் பொருத்தி, திறந்த நேரத்தைப் பதிவுசெய்தும் பார்த்தனர். மூடி திறந்ததை அது சொல்லும்; மாத்திரை தொண்டையைக் கடந்ததா என்பதைச் சொல்லாது.

2007இல் ஐபோன் வந்தது. 2008இல் செயலிகளுக்கான கடைகள் திறந்தன. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரிலுள்ள தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தார், கம்பியில்லா மாத்திரைத் தட்டையும் இரத்த அழுத்தமானியையும் கைபேசியோடு இணைத்துச் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். வேளை தவறினால் தட்டில் விளக்கு மினுங்கும். பின்னர் ஒலி எழும். அதற்கும் அசையாவிட்டால் குறுஞ்செய்தியோ அழைப்போ வரும். அதே நிறுவனத்தில் 136 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய மற்றோர் ஆய்வு 2021இல் வெளியாயிற்று. செயலியைப் பெற்றோரிடம் மருந்துத் தவறுகளும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் குறைந்திருந்தன. ஆனால் இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அச்செயலி தனித்து விடப்படவில்லை. அதன் மறுமுனையில் நோயாளியின் பதிவுகளைப் பார்த்துப் பேசும் மருந்தாளுநர் இருந்தார். அவ்வெற்றியைக் கருவிக்கு மட்டும் உரியதாகச் சொல்வது முறையன்று.

கருவியால் தீராத குறை ஒன்றையும் அந்நாட்டு வரலாறே காட்டுகிறது. 65 வயதுக்குட்பட்டு, சிறுநீரகச் செயலிழப்பின் பேரில் மட்டும் மெடிகேர் காப்பீட்டைப் பெற்றோர்க்கு, மாற்று அறுவைக்குப் பின் 36 மாதங்களோடு அக்காப்பீடு முடிந்துவிடும். மருந்து வாங்க இயலாமல் சிறுநீரகத்தை இழந்தாலோ, டயாலிசிஸ் செலவை அதே காப்பீடு மீண்டும் ஏற்கும்! அறுவையையும் டயாலிசிஸையும் தாங்கிய அரசு, இடையிலுள்ள மாத்திரைக்குக் கணக்குப் பார்த்தது. இம்முரணை நீக்கும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறி, வேறு காப்பீடு இல்லாதோர்க்கு எதிர்ப்பாற்றல் ஒடுக்கும் மருந்துகளை மட்டுமேனும் தொடர்ந்து தரும் ஏற்பாடு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எத்தனை கைபேசிகளில் மணி அடித்திருந்தாலும், வெற்று டப்பாவை எண்ணி அவை என்ன செய்திருக்க முடியும்?

‘செயலி’ என்னும் சொல்லை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். செயல் புரிவது என்று அது பொருள்படும். இந்நோயாளிகளின் வாழ்விலோ அது நினைவூட்டுகிறது, குறித்துவைக்கிறது, செய்தியைக் கொண்டு சேர்க்கிறது, அவ்வளவே. செயல் புரிவோர் மூவர்: மாத்திரையை உண்ணும் நோயாளி, எண்களைப் படித்து மறுமொழி சொல்லும் மருத்துவக் குழுவினர், மருந்து தட்டாமல் கிடைக்க வழிசெய்யும் சமூகம். இவர்களுள் ஒருவர் விலகினாலும் காவல் குலையும். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் உறவினர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவருடைய கைபேசியில் நினைவூட்டலை அமைத்துக் கொடுங்கள், நல்லதே. மருந்தின் அளவை மட்டும் எந்தத் திரையையும் நம்பி மாற்ற வேண்டாம், அதை மருத்துவரே செய்யட்டும். அடுத்த மாதத்துக்கான மாத்திரை வீட்டில் இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது கேளுங்கள்.