கை கழுவிய விஞ்ஞானி

மோட்டார் பட்டறைகளில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காணலாம். வேலை முடித்த மெக்கானிக், கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பார். சோப்புக்குப் போகாத அழுக்கு நொடியில் போய்விடும். இதில் தீங்கு உண்டா? விடை காண ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அக்காலக் கார் எஞ்சின்களில் பெட்ரோல் சீராக எரியாமல் 'டக் டக்' என்று தட்டும் ஒலி எழும், ஆற்றலும் வீணாகும். டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டல் நின்றுவிடும் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். 1923-இல் ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இத்திரவம் கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே தோலின் வழியாகவே உடலுள் புகுந்து மூளையைத் தாக்கும். 1924 அக்டோபரில், நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்களுள் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி, பத்திரிகையாளர் முன் இதே திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, ஆபத்தில்லை என்று காட்டினார். ஆனால் முந்தைய ஆண்டு ஈய நச்சால் நோயுற்று ஓய்வெடுத்தவர் அவரே!

1925-இல் கூடிய மாநாட்டில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஈயத்தைக் கடுமையாக எதிர்த்தார். அரசு அமைத்த குழு, ஓட்டுநர், பட்டறைத் தொழிலாளர் முதலிய 252 பேரைப் பரிசோதித்தது. சில மாத ஆய்வின்பின், தடை செய்யக் காரணமில்லை என்று 1926-இல் அறிவித்தது. பெட்ரோலுக்குச் சாயமிட்டனர், எரிபொருளாக மட்டுமே பயன்படுத்த வேண்டும், எதையும் கழுவக் கூடாது என்று அறிவிப்பு வைத்தனர். நஞ்சு அப்படியே இருந்தது. காத்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் தொழிலாளியின் தலையில் விழுந்தது.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. அப்படியானால் இனிக் கை கழுவலாமா? கூடாது. பெட்ரோலில் பென்சீன் உள்ளது. நம் நாட்டில் அதன் அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆயினும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நாள்தோறும் சேர்ந்தால், அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது.

துணிக் கையுறை பயன்படாது. பெட்ரோலை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துவிடும். நைட்ரைல் ரப்பர் கையுறையே ஏற்றது. அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். கிரீஸ் போகச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பிட்டுக் கழுவலாம். கையுறை வாங்கித் தரவேண்டியவர் பட்டறை முதலாளி. அவர் இப்பொறுப்பைக் கை கழுவிவிடக் கூடாது.