பழவேற்காட்டு வட்டாரத்தில் நாட்டுத் துப்பாக்கியும் வேட்டைப் பருவமும்

தெற்கே பொன்னேரி வட்டத்தின் கடலோரக் குப்பங்களிலிருந்து வடக்கே சூளூர்ப்பேட்டை வரையிலும், கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு வரையிலும் விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரிப் பகுதி, கடல்நீரும் ஆரணி, காளங்கி ஆறுகளின் நன்னீரும் கலக்கும் காயல் என்ற வகையிலும், டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் என்ற வகையிலும் ஆய்வாளர்களின் கவனத்தைப் போதிய அளவு பெற்றிருக்கிறது. அதே பகுதியில் வெடிமருந்தும் துப்பாக்கியும் வேட்டையும் அடைந்த மாற்றங்கள் அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. குழல்வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி, பேச்சு வழக்கில் நாட்டுத் துப்பாக்கி எனப்படுவது, போர்க்கருவியாகத் தொடங்கி, உரிமத்துக்குட்பட்ட உடைமையாகவும் பொழுதுபோக்கு வேட்டைக்குரிய கருவியாகவும் மாறி, இறுதியில் பயிர்க்காவலுக்கென்று சட்டத்தில் எஞ்சி நிற்கும் பொருளாக ஒடுங்கியது. இந்தப் போக்கில் வேட்டைப் பருவம் என்பது இயற்கை வகுத்த காலமாகத் தோன்றினாலும், உண்மையில் அது சட்டம் உண்டாக்கிய ஏற்பாடு என்பதும், ஏரியை நம்பி வாழ்ந்த மக்களை மனத்தில் கொண்டு அந்த ஏற்பாடு வகுக்கப்படவில்லை என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை நிறுவியது. துணி வணிகத்துக்காக வந்தவர்கள் என்றே அவர்களைப் பொதுவாக அறிகிறோம். ஆனால் 1620களிலிருந்து அங்கே கம்பெனியின் வெடிமருந்துச் சாலை ஒன்றும் இயங்கியது என்பதும், பல பத்தாண்டுகள் நீடித்த அதன் உற்பத்தி கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சு நிலையங்களுக்கும் தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் போதுமானதாக இருந்தது என்பதும் இந்த வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளத்தக்கவை. அக்காலத்து மருந்து, கரிமருந்து எனப்படும் கலவையாகும். ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு மரக்கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்த்து அரைத்து, ஈரம் ஊட்டிக் குருணையாக்கி உலர்த்தினால் அது கிடைக்கும். வெடியுப்பு இந்தியாவில் தாராளமாகக் கிடைத்ததே இங்கே மருந்துச் சாலை வைப்பதை இலாபகரமாக்கியது. கம்பெனி தன் சோழமண்டலத் தலைமையை 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றிய பின் பழவேற்காட்டின் முக்கியத்துவம் குன்றியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இந்த முதல் கட்டத்தில் மருந்தும் துப்பாக்கியும் கோட்டைக்கும் கப்பலுக்கும் உரியவையாக இருந்தனவேயன்றி வேட்டைக்கு உரியவையாக இருக்கவில்லை.

துப்பாக்கி வேட்டைக்கருவியாகப் பரவியதற்கு அதன் சுடும் பொறியில் நேர்ந்த மாற்றங்களும் காரணமாகும். எரியும் திரியைத் தொட்டுச் சுட்ட பழைய துப்பாக்கியில் திரியின் புகையும் நெடியும் விலங்குக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தந்துவிடும். சக்கிமுக்கிக் கல் பொறித்துச் சுடும் வகையில் விசையை இழுத்ததற்கும் வெடித்ததற்கும் இடையே ஒரு கணம் கழிந்துவிடும். 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் பின்னர் வந்த சிறு செப்புத் தொப்பி, அதாவது கேப், இந்தக் குறைகளைப் பெருமளவு நீக்கியது. இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டிலும் புழங்கிய நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்தக் கேப் வகையைச் சேர்ந்தவை. ஆயினும் ஒரு முறை சுட்டபின் குழலைத் துடைத்து மருந்து, சக்கை, ரவை, மீண்டும் சக்கை என்று வரிசையாகப் போட்டுக் கெட்டித்து, கேப்பைச் செருகிய பின்னரே அடுத்த முறை சுட இயலும். ஆகவே மானுக்கு ஒற்றைக் குண்டு, பறவைக்குச் சிறு ரவை என்று எதைப் போட்டாலும் வேட்டைக்காரனுக்கு வாய்ப்பு ஒன்றே. அந்த ஒரு வாய்ப்புக்காக அவன் மிக அருகில் சென்றாக வேண்டும்.

இந்த இடத்தில் ஏரியின் இயல்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் மேலே செல்ல முடியாது. பூநாரையும் வாத்தும் உள்ளானும் கூட்டம் கூட்டமாகக் கூடும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தின் முற்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலமாகும். கரிமருந்தோ காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். உப்புக்காற்றில் அது எரிந்தபின் விட்டுச்செல்லும் கசடு குழலை விரைவில் துருவேற்றும். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்பதால் சேற்றுத்திட்டுகள் வெட்டவெளியாகக் கிடக்கும். மறைந்து நெருங்க மரமோ புதரோ இராது. ரவை பயன்தரும் தொலைவோ முப்பது நாற்பது மீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே உணவுக்காகப் பறவை பிடிப்பவனுக்கு வலையும் கண்ணியுமே துப்பாக்கியைவிட மலிவான, ஓசையற்ற, ஈரத்துக்கு அஞ்சாத கருவிகளாக இருந்திருக்கும். ஒருவகையில், பழவேற்காட்டின் நிலமே நாட்டுத் துப்பாக்கிக்கு எதிர்க்கட்சி என்று சொல்லிவிடலாம்.

மான் வேட்டை என்று வரும்போது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தடுப்புச்சுவராக நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவையே கருத வேண்டும். புள்ளிமான் வாழும் காடு அங்கே உண்டு. சென்னை அரசு 1835இல் அத்தீவைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அக்காட்டின் விறகு கால்வாய் வழியே சென்னை நகருக்குச் சென்றது. தீவின் தொல்குடிகளான யானாதிகள் தேனையும், துணிக்குச் செஞ்சாயம் தரும் சாயவேரையும் பிற காட்டுப் பொருள்களையும் திரட்டித் தந்தார்கள். அவர்களது வேட்டை பொறியும் கண்ணியும் தோண்டுகோலும் சார்ந்தது. நெல்லூரில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பறவையியலாளர் தாமஸ் ஜெர்டன் இயற்கையைக் குறித்து யானாதிகளிடமிருந்து செய்தி திரட்டினார் என்பது, காட்டைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்த அறிவு நூலேறியது. அறிவுக்கு உரியவர்களின் காட்டுரிமை மட்டும் சட்டமேறவில்லை.

துப்பாக்கியின் மீதான அரசின் பிடி தென்னாட்டில் பாளையக்காரர் போர்களையொட்டியே இறுகத் தொடங்கிவிட்டது. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பறைசாற்றல் தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அந்தக் கொள்கை நாடு முழுவதற்கும் விரிந்து, 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் நிலைபெற்றது. அச்சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியர்களுக்கோ விலக்கு இருந்தது. இன அடிப்படையிலான இந்த வேறுபாடு புதிய விதிகளின்படி 1920 தொடக்கத்தில்தான் நீங்கியது. குடகின் கொடவர்கள் இனவாரியாக உரிம விலக்குப் பெற்று, துப்பாக்கியைத் தங்கள் சடங்குகளிலேயே வைத்துப் போற்றிவர, பழவேற்காட்டு மீனவனுக்கோ யானாதிக்கோ அத்தகைய சலுகை எதுவும் எட்டவில்லை.

வேட்டைப் பருவம் என்ற ஏற்பாடு சென்னை மாகாணத்தில் மலையிலிருந்துதான் இறங்கி வந்தது. நீலகிரியில் 1877இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஐரோப்பியர் சங்கம் ஒன்று அமைத்தனர். இரண்டாண்டுகளில் 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்கு இனம் பெருக்கும் மாதங்களில் வேட்டையை நிறுத்திவைக்கும் காலத்துக்கு மூடுகாலம் என்று பெயர். அது போக எஞ்சியதே வேட்டைப் பருவம். இந்த முறையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டமாகும். அதன் அட்டவணையில் வாத்துகளும் மான்களும் ஒருசேர இடம்பெற்றிருந்தன. மூடுகாலத்தை அறிவிக்கும் பொறுப்பு மாகாண அரசிடம் விடப்பட்டது. முதல் குற்றத்துக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பயிரையும் உடைமையையும் காக்கும் பொருட்டுக் கொல்வது குற்றமாகாது என்ற விலக்கும் அதில் இருந்தது. இந்த விலக்கே பிற்காலத்தில் நாட்டுத் துப்பாக்கியின் கடைசிப் புகலிடமாயிற்று.

இந்தச் சட்டம் யாருடைய நாட்காட்டியைப் பின்பற்றியது என்ற கேள்வி இன்றியமையாதது. மூடுகாலம் முடிந்ததும் துப்பாக்கியோடு கிளம்புபவன் உரிமம், ஓய்வு, செலவுக்குப் பணம் மூன்றும் உடையவன். ஏரிக்கரை மீனவனுக்குக் காலத்தைப் பங்கிட்டது வேறொரு ஏற்பாடு, அதுதான் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய, இறால் வரத்து மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமையை ஊர்க்காரர்களிடையே முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் இவ்வழக்கம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் ஊர்களில் வேரூன்றியது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கும். மீறினால் ஊரே தண்டிக்கும். பாடு முறையில் சேராத சாதியினருக்கும் இருளர் போன்றோருக்கும் அதனால் நேர்ந்த இழப்பு மறைக்கத் தக்கதன்று. ஆனாலும் ஒரு வளத்தைக் காலமும் இடமும் குறித்துக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏரியில் ஏற்கெனவே எழுதாமல் நடந்துகொண்டிருந்தது என்பதை 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்தவர்கள் கருதியதற்கு அதன் வாசகத்தில் எந்தச் சுவடும் இல்லை.

தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கியோடு மிக நெருக்கமாக அறியப்பட்டவர்கள் நரிக்குறவர்களே. வாக்ரிபோலி பேசும் இந்த நாடோடிச் சமூகத்தார் குருவியும் கொக்கும் நரியும் வேட்டையாடியும் ஊசிமணி, பாசிமணி விற்றும் வாழ்ந்தனர். வேட்டை அவர்களுக்குப் பருவகால விளையாட்டன்று, அன்றாடப் பிழைப்பு. எனவே சட்டம் இறுகிய ஒவ்வொரு முறையும் முதல் அடி அவர்கள்மீதே விழுந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற சட்டத் திருத்தத்தின் வழியே அவர்கள் பட்டியல் பழங்குடியினராகச் சேர்க்கப்பட்டபோது, அவர்களின் பழைய தொழில் சட்டப்படி மறைந்து ஒரு தலைமுறை கடந்திருந்தது.

அந்த மறைவு இரண்டு படிகளில் நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உடனே ஒழித்துவிட்டது என்ற பரவலான எண்ணம் சரியன்று. அச்சட்டம் அழியும் நிலையிலிருந்த இனங்களை முழுமையாகக் காத்தாலும், பெருவிலங்கு, சிறுவிலங்கு என்று வகைபிரித்து வேட்டை உரிமம் வழங்கவும் வகைசெய்திருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பிரிவுகளை நீக்கியபோதுதான், அதாவது அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல்தான், இந்தியாவில் வேட்டைப் பருவம் என்ற சொற்றொடர் சட்டப் பொருளை இழந்தது. பழவேற்காட்டைப் பொறுத்தவரை அதற்கு முன்பே இரண்டு நிகழ்ச்சிகள் முடிவை நெருக்கிவிட்டன. ஒன்று, ஏரியின் ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டமை. மற்றொன்று, 1969இல் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தமை. தீவின் புள்ளிமானுக்கு வேலியும் காவலும் தந்தது வனச்சட்டத்தைவிட ராக்கெட் நிலையத்தின் பாதுகாப்பு ஏற்பாடே எனலாம். அதே ஏற்பாடு யானாதிகளைத் தங்கள் காட்டிலிருந்து பெயர்த்தது. டச்சு மருந்துச் சாலைக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் கழித்து அதே ஏரியின் கரையில் திட எரிபொருள் ஆலை எழுந்தது.

சரணாலய அறிவிப்பின் பின்விளைவுகளுள் அதிகம் கவனிக்கப்படாதது வனவிலங்குச் சட்டத்தின் 34ஆவது பிரிவாகும். சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ வசித்து, ஆயுத உரிமம் வைத்திருப்போர் அனைவரும் அறிவிப்பு வந்த மூன்று மாதங்களுக்குள் தங்கள் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அந்த எல்லைக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவின்றிப் புதிய உரிமம் வழங்கக் கூடாது. ஏரியின் வடிவத்தை நோக்கினால், கரையோரக் குப்பங்களும் அவற்றை அடுத்த நெல்வயல் ஊர்களும் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இதற்கு நேர்மாறாக, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்று இன்றும் கூறுகிறது. அதைக் கொண்டு எதைச் சுடுவது என்பதே சிக்கல். காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்களாகப் பட்டியலிட்டிருந்த வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. தமிழக அரசு 2025 ஜனவரியில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட வகைசெய்தபோதும், அந்த அதிகாரம் வனத்துறைப் பணியாளருக்கே தரப்பட்டது, நிலத்துக்குரியவனுக்குத் தரப்படவில்லை. ஆக, பழவேற்காட்டு வட்டாரத்தில் ஓர் உழவன் நாட்டுத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும் உரிமையை ஒரு சட்டம் விட்டுவைத்திருக்க, உரிமம் தருவதற்கு இசைவு வேண்டுமென்று மற்றொரு சட்டம் வழிமறிக்க, அப்படியே உரிமம் கிடைத்தாலும் தன் விருப்பப்படி சுடுவதற்கு ஒரு காட்டுயிரும் அவனுக்குச் சட்டப்படி இல்லை.